சுருளியாண்டியோட நாக்கு மலையேறின கதை

ஒரு ஊர்ல ஒரு நாக்கு இருந்துச்சாம். அந்த நாக்குக்கு ஒரு ஆளு இருந்தாராம். பேரு சுருளியாண்டி.

சிரிக்காத, கண்ண மூடு. கண்ண மூடிக்கிட்டே 'ம்' கொட்டணும், அப்பத்தான் அத்தை சொல்லுவேன்.

"ம்."

அப்படித்தான்.

அந்தாளு கெட்டவரெல்லாம் இல்ல. நல்லா உழைப்பாரு, குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு. ஆனா சோத்துத் தட்டு முன்னாடி வந்து உக்காந்தா போச்சு. ஒரு வாய் வைப்பாரு, மொச்சு மொச்சுனு மெல்லுவாரு, அப்புறம் கூரை மோட்டு வளையப் பாத்துச் சொல்லுவாரு, "எங்கம்மா வக்கிற கொழம்பு மாதிரி இல்ல."

அவங்கம்மா உசுரோட இருந்தப்போ என்ன சொன்னாருன்னு நெனைக்கிற? "எதுத்த வீட்டு அக்கா வக்கிற மாதிரி இல்ல"ன்னாரு. எதுத்த வீட்ல கூப்பிட்டு ஒரு நாள் சோறு போட்டாங்க. அங்க போயி, "எங்கம்மா மாதிரி இல்ல"ன்னு சொல்லிட்டு ஏப்பம் விட்டுட்டு வந்தாரு. அதாவது, தின்னு முடிச்ச சோறுதான் அவருக்கு அமிர்தம். கண்ணு முன்னாடி ஆவி பறக்குற சோத்துக்கு மட்டும் மதிப்பே கெடையாது.

அவரு பொண்டாட்டி பேரு ஒச்சம்மா. அவளுக்கு ரெண்டு பொண்ணு. மூத்தவ செல்லக்கிளிய மலைமேல கோடாலிப்பாறைங்கிற ஊர்ல கட்டிக் குடுத்திருந்தாங்க. சின்னவ பவளம், உன்ன விடக் கொஞ்சம் பெருசு.

"எவ்ளோ பெருசு?"

ஒரு சாண். பேசாம கேளு.

ஒரு நாள் மலையிலேர்ந்து ஆளு வந்துச்சு. செல்லக்கிளிக்குப் பொண்ணு பொறந்திருக்குன்னு. வயித்துப் புள்ளக்காரிய அந்த மலையில எறக்க முடியாதுன்னு அங்கேயே வச்சுக்கிட்டாங்க. அந்த மலைக்கு ரோடு கெடையாது. நாலஞ்சு நாள் நடந்துதான் போகணும்.

ஒச்சம்மா அழுதா, சிரிச்சா, அப்புறம் மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டா. புள்ள பெத்தவளுக்குன்னு கருப்பட்டி, சுக்கு, நல்லெண்ணெய், ஒரு சின்னப் பானை நெறைய நெய்யி, நூல் சேலை ஒண்ணு. எல்லாத்தையும் சேத்துக் கட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டுச் சொன்னா, "இது பெத்தவளுக்கு. வழியில யாரு செத்தாலும் இதத் தொடக் கூடாது."

"நமக்கு?"ன்னாரு சுருளியாண்டி.

"நமக்கு அப்பப்ப வழியில அரிசி, உப்பு வாங்கிக்கிட்டு பொங்கித் தின்னுக்கிட்டுப் போலாம். மலைக்கு அம்புட்டையும் செமக்க முடியுமா?"

அது நெசந்தான். அந்த வழியில மூணே மூணு எடத்துலதான் சாமான் கெடைக்கும். அடிவாரத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணு. ஒண்ண விட்டா அடுத்ததுக்குப் போற வரைக்கும் கொரங்குகிட்டதான் கேக்கணும்.

ம் சொல்லு.

"ம்."

அப்போ மூணு பேரும் கெளம்பிட்டாங்க. பொட்டல்ல நடந்து, வாய்க்கா தாண்டி, சாயங்காலம் அடிவாரத்துக்கு வந்தாங்க. அங்க மூக்கம்மான்னு ஒரு அம்மா கடை வச்சிருந்தா. தோசையும் போடுவா, மலைக்குப் போறவங்களுக்கு அரிசி பருப்பும் விப்பா. கல்லுல மாவ ஊத்துனா 'சொர்ர்ர்'னு சத்தம் வரும் பாரு, அந்தச் சத்தத்துலயே பாதிப் பசி போயிரும்.

தோச வந்துச்சு. ஓரமெல்லாம் மொறுமொறுன்னு, நடுவுல பஞ்சு மாதிரி. பவளம் கண்ண மூடிக்கிட்டுத் தின்னா. ஒச்சம்மா விரல நக்குனா. மூக்கம்மாவுக்குச் சந்தோசம் தாங்கல. "மலையேறப் போறீகளா? இந்தாங்க, தக்காளித் தொக்கு. காசு வேணாம். வெறுஞ்சோத்துக்கு இது இருந்தா கல்லு கூட எறங்கும்"னு ஒரு கலயம் நெறைய எடுத்து வச்சா.

அப்போ சுருளியாண்டி மோட்டைப் பாத்தாரு.

ஒச்சம்மாவுக்குப் புரிஞ்சு போச்சு. "ஏங்க, வேணாம்…"

"எங்க ஊரு பாண்டி கடை தோச மாதிரி இல்ல"ன்னாரு.

பாண்டி கடை தோசைய அவரு ஊர்ல என்னன்னு சொல்லுவாரு தெரியுமா? எருமத் தோலும்பாரு.

மூக்கம்மா தோசக் கரண்டிய கீழ வச்சா. தொக்குக் கலயத்த அப்படியே பின்னாடி இழுத்துக்கிட்டா. "பாண்டி கடைக்கே போயி தொக்கு வாங்கிக்கங்க"ன்னா. அரிசியும் உப்பும் மட்டும் அளந்து போட்டா. அளக்குறப்போ படிய ஒரு தட்டு தட்டுவாங்கல்ல, கொஞ்சம் கூட விழட்டும்னு? அதுவும் தட்டல.

அப்புறம் மலை ஏறுனாங்க. ஏறுனாங்க, ஏறுனாங்க, புஸ்ஸு புஸ்ஸுனு மூச்சு வாங்க ஏறுனாங்க. கால்ல அட்ட கடிச்சுச்சு. அடுப்புக்கு மூணு கல்லு வச்சுப் பொங்குனாங்க. வெறுஞ்சோறும் உப்பும். பவளம் ஒரு உருண்டைய வாயில போட்டுட்டு அங்கிட்டும் இங்கிட்டும் உருட்டிக்கிட்டே கெடந்தா, உள்ள எறங்கவே இல்ல.

சுருளியாண்டி பெருமூச்சு விட்டாரு. "என்னா இருந்தாலும் அந்த மூக்கம்மா போட்டா பாரு, அது தோச!"

ஒச்சம்மா ஒரு பார்வ பாத்தா. அந்தப் பார்வைக்கு மரத்துல இருந்த கொரங்கு எறங்கி ஓடிப் போச்சு.

"நெசமாவா?"

நான் பாத்தனா? சொல்லிக் கேள்விதான்.

அப்புறம் மறுநாள் நடுமலைக்கு வந்தாங்க. அங்க ஒரு மடம். ஓடு போட்ட பழைய மடம். அதப் பாத்துக்கிட்டவரு பொம்மையான்னு ஒரு பெருசு. வெள்ள மீச, வளைஞ்ச முதுகு. மலையேறி வர்றவங்களுக்குச் சூடா கஞ்சி ஊத்துவாரு, பெரண்டைத் தொவையல் அரைச்சுக் குடுப்பாரு. அதுக்கு மேல நல்ல மனசு, போறப்போ பை நெறைய அரிசியும் போட்டு விடுவாரு. ஏன்னா அடுத்த ஊரு ரொம்பத் தூரம், நடுவுல வெறுங்காடு.

அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு. அந்தத் தொவையல அவரு கையால அம்மியில அரைப்பாரு, கடபுடா கடபுடான்னு. அரைச்சு வச்சிட்டு எதுக்கவே குத்த வச்சு உக்காந்து, நம்ம மூஞ்சியவே பாப்பாரு.

கஞ்சி வந்துச்சு. தொவையல் வந்துச்சு. சுருளியாண்டி வச்ச வாய் எடுக்காம ரெண்டு சட்டி குடிச்சாரு. ஒச்சம்மா பொம்மையாகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டா, "தாத்தா, தொவையல் அருமையோ அருமை. நீங்க அரிசிய போட்டீகன்னா நாங்க வெயிலுக்கு முன்னாடி கெளம்பிருவோம்." பொம்மையா எந்திரிச்சு, பையில அரிசிய சளசளன்னு கொட்டிக்கிட்டே, திரும்பிப் பாத்து அந்தக் கேள்வியக் கேட்டுட்டாரு.

"உங்களுக்கு எப்படிய்யா இருக்கு?"

ஒச்சம்மா லொக்கு லொக்குனு இருமுனா. பவளம் அப்பா காலை நங்குனு மிதிச்சா.

"ஆவ்! நல்லாத்தான் இருக்கு"ன்னாரு சுருளியாண்டி. பாவம், அந்தாளு அதோட நிறுத்தணும்னுதான் பாத்தாரு. நாக்கு விடல. "ஆனா கீழ மூக்கம்மா கடை மாதிரி இல்ல."

பொம்மையா அரிசி கொட்டுறத நிறுத்திட்டாரு.

மூக்கம்மா யாருன்னு நெனைக்கிற? பொம்மையாவோட பொண்டாட்டி! ரெண்டு பேரும் இதே மடத்துல, இதே தொவையலுக்கு உப்பு கூடவா கொறையவான்னு சண்டை போட்டு, அந்தம்மா கோவிச்சுக்கிட்டு மலைய விட்டே எறங்கிப் போயி கடை போட்டவ.

பொம்மையா மீச துடிச்சுச்சு. பையத் தூக்குனாரு. தலைகீழாக் கவுத்தாரு. சொர்ர்ர்ருனு அரிசி பூராத்தையும் திரும்ப மூட்டையிலயே கொட்டுனாரு. "அவகிட்டயே போயி வாங்கித் தின்னு!" கதவு 'டமார்'!

வெறும் பையோட நின்னாங்க மூணு பேரும். கீழ எறங்குனா ரெண்டு நாள். மேல போனாலும் ரெண்டு நாள். ஒச்சம்மா மேலயே பாத்து நடக்க ஆரம்பிச்சுட்டா.

ம்? முழிச்சிருக்கியா?

"ம். அவங்களுக்குப் பசிக்குமே."

பசிச்சுச்சு. கொடலு கூடி ஒப்பாரி வச்சுச்சு, கொர்ர்ர் கொர்ர்ர்னு. ஓடையில தண்ணி குடிச்சாங்க, மடக் மடக்குனு. தண்ணி எம்புட்டுத்தான் குடிக்கிறது? மறுநாள் மத்தியானத்துக்கு மேல பவளத்துக்குக் கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. ஒரு பாறையில சாஞ்சு உக்காந்துட்டா. "அம்மா, அக்காவோட கருப்பட்டியில ஒரு துண்டு…"ன்னா.

ஒச்சம்மா மூட்டையப் பாத்தா. புள்ளையப் பாத்தா. அங்க ஒரு புள்ள பால் சொரக்காம கெடப்பா, இங்க ஒரு புள்ள பசியில கெடக்கா. ரெண்டும் அவ புள்ளதான. முடிச்ச அவுத்தா. ஒரு கருப்பட்டிய எடுத்துக் கல்லுல தட்டி, பாதிய பவளம் வாயில வச்சா. மீதிய திரும்பக் கட்டுனா. அவ ஒரு துணுக்கு கூட வாயில போடல. கையில ஒட்டுன தூளக் கூட பவளத்துக்குத்தான் நக்கக் குடுத்தா.

சுருளியாண்டி எச்சி முழுங்குனாரு. முழுங்கிட்டு, "பொம்மையா தொவையலு…"ன்னு ஆரம்பிச்சாரு.

அப்போதான் ஒச்சம்மா வெடிச்சா. "யோவ்! நம்ம கல்யாணமான நாள்லேர்ந்து நான் ஆக்கிப் போடுறேன். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, சோறு தட்டுல இருக்கிறப்போ நல்லாருக்குன்னு சொல்லிருக்கியா? தின்னு செமிச்சதுக்கு அப்புறம் சொல்ற நல்ல வார்த்த யாருக்குய்யா வேணும்? உன் நாக்கால இப்ப எம்புள்ள மயங்கிக் கெடக்கு. புள்ள பெத்தவளுக்குக் கொண்டு போறதுல கை வச்சுட்டேன்."

சொல்லிட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டு அழுதா. சத்தமே இல்லாம.

சுருளியாண்டி யோசிச்சுப் பாத்தாரு. ஒரு நாளையும் அவரால ஞாபகத்துக்குக் கொண்டு வர முடியல. தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "நான் என்னத்தச் செய்ய ஒச்சு? தானா வந்துருது"ன்னாரு, தும்மலப் பத்திச் சொல்ற மாதிரி.

பவளம் வாயில கருப்பட்டியோட சொன்னா, "மேல ஊர்ல அப்பா மௌன விரதம்னு சொல்லிருவோம். பேசுனாத்தான சோறு போகும்?"

புத்திசாலிப் புள்ள. அப்பாவோட துண்ட அவுத்து அவரு வாயச் சுத்தி ஒரே கட்டு. கட்டிட்டு இழுத்துக்கிட்டுப் போனாங்க.

மேல இருந்த ஊரு பூண்டு வெளையிற ஊரு. பேரு உச்சிக்காடு. பத்துப் பதினஞ்சு வீடு. அந்த ஊருக்காரங்களுக்கு ஒரே ஒரு கொறைதான். பக்கத்துல மேலூர்னு ஒரு ஊரு, அங்க ஒரு சாமியாரு இருந்தாரு. கார்த்திகைக்குக் கார்த்திகை கூட்டம் வரும், சுண்டல் குடுப்பாங்க. இவங்களுக்குச் சாமியாரும் இல்ல, சுண்டலும் இல்ல. அந்த வயித்தெரிச்சல்ல இருந்தாங்க.

அப்போ பாத்து சுருளியாண்டி வந்து நிக்கிறாரு. தாடி வளந்து, கண்ணு குழி விழுந்து, பசியில தள்ளாடிக்கிட்டு, வாயில துணி.

ஊருத் தலைவரு வீரணன் கேட்டாரு, "ஏம்மா, இவருக்கு என்னா?"

"மௌன விரதம்"ன்னா பவளம்.

அம்புட்டுதான். "சாமீ!" தடால் தடால்னு ஊரே கால்ல விழுந்துச்சு. தூக்கிக்கிட்டுப் போயி சாவடியில உக்கார வச்சாங்க. ஒச்சம்மாவுக்கும் பவளத்துக்கும் எல போட்டு, சுடுசோறு, உருளைக்கெழங்கு, மொச்சக் கொட்டை, எல்லாம் மலை மலையா. சாமிக்கு வீரணன் பொண்டாட்டியே பூண்டுக் கொழம்பு கொண்டாந்து ஊத்துனா. புதுப் பூண்டு, காட்டு மொளகு, அவுங்க ஊருல அதான் பெரும.

சுருளியாண்டி துண்டக் கீழ எறக்கி ஒரு வாய் வச்சாரு. மொச்சு மொச்சு. காரம் மண்டைக்கு ஏறிருச்சு. கண்ணுல தண்ணி.

"சாமி நமக்காக அழுகுது!"ன்னா ஒரு கெழவி.

அந்தாளுக்கு நாக்கு நமநமங்குது. பல்ல கடிச்சாரு. மோட்டைப் பாக்கக் கூடாதுன்னு எலையவே பாத்தாரு. ஒடம்பு வேர்த்துச்சு, தோளு குலுங்குச்சு, கை வெடவெடன்னு நடுங்குச்சு. "சாமி எறங்குது! சாமி எறங்குது!"ன்னு ஒருத்தன் ஓடிப் போயி உடுக்கைய எடுத்துட்டு வந்து அடிக்கிறான், டுகு டுகு டுகு டுகு. ஒச்சம்மா தூரத்துலேர்ந்து கையெடுத்துக் கும்பிடுறா. சாமிய இல்ல, புருசன, பேசிராதய்யான்னு.

ம்ஹூம். பொத்துக்கிட்டு வந்துருச்சு.

"அங்க மாதிரி இங்க இல்லப்பா!"

உடுக்கை நின்னு போச்சு. ஒச்சம்மா நெத்தியில அடிச்சுக்கிட்டு எலையோட எந்திரிச்சுட்டா, ஓடுறதுக்கு.

வீரணன் வானத்தப் பாத்தாரு. பூமியப் பாத்தாரு. கண்ணு கலங்கச் சொன்னாரு, "அங்கன்னா மேலோகம்! அங்க மாதிரி இங்க இல்லன்னு ஒரே வார்த்தையில சொல்லிப்புட்டாரே சாமி!"

தடால்! ஊரே திரும்பவும் விழுந்துச்சு.

மெதுவாச் சிரிடி, பக்கத்து ரூம்ல உங்கப்பா தூங்குறான்.

அப்புறம் என்னாச்சுன்னா, மறுநாள் ஒச்சம்மா கெளம்பணும்ங்கிறா, சாமிய விட மாட்டேங்குறாங்க. சாவடி வாசல்ல கம்போட ரெண்டு ஆளு காவலு. வீரணன் சொன்னாரு, "தாயி, நீங்க போங்க. எம்புட்டு அரிசி வேணும்னாலும் எடுத்துக்கங்க. சாமி இங்கயே இருக்கட்டும்."

ஒச்சம்மா யோசிச்சா. நெசமாத்தான் யோசிச்சா. அரிசியப் பாத்தா, அந்தாளப் பாத்தா, திரும்பவும் அரிசியப் பாத்தா.

"அம்மா!"ன்னா பவளம்.

"சரி சரி"ன்னுட்டு ஒச்சம்மா, வீரணன்கிட்ட போயி நல்லபுள்ளையாட்டம் சொன்னா, "இருக்கட்டும்யா. ஆனா ஒண்ணு. சாமிக்கு ஒரே வீட்டுச் சோறு ஆகாது. வேளைக்கு ஒரு வீடு கொண்டாரணும். மௌன விரதமும் முடிஞ்சுருச்சு. சாப்ட்டுட்டு சாமி ஒரு வாக்குச் சொல்லும், கேட்டுக்கங்க."

சொல்லிட்டு மரத்தடியில போயி கால நீட்டி உக்காந்துக்கிட்டா.

காலையில வீரணன் தம்பி வீட்லேர்ந்து களி வந்துச்சு. சாமி தின்னுட்டுச் சொல்லுச்சு, "நேத்து வந்த கொழம்பு மாதிரி இல்ல." தம்பி பொண்டாட்டி மூஞ்சி சுண்டிப் போச்சு. வீரணன் பொண்டாட்டி முந்தானைய உதறிச் சொருகுனா. மத்தியானம் எதுத்த வீட்லேர்ந்து கீரை. "காலையில வந்த களி மாதிரி இல்ல." இப்ப தம்பி பொண்டாட்டி தெருவுல எறங்கிக் கேட்டா, "சாமி வாக்கு! கேட்டியா? என் களிதான் ஒசத்தி!" ராத்திரிக்கு அடுத்த வீடு. "மத்தியானம் வந்த கீரை மாதிரி இல்ல."

மேலோகம், பூலோகம் எல்லாம் மறந்து போச்சு. நீ பெருசா, நான் பெருசா? கொண்டை அவுந்துச்சு, மூடி பறந்துச்சு, 'ணங்'! வீரணன் மண்டையில. அகப்பை பறந்துச்சு, அது அவரு தம்பி முதுகுல. ஆம்பளைங்க வெலக்கப் போயி அவங்களுக்குள்ள பங்காளிச் சண்டை. நாய் குலைக்குது, கோழி கத்துது. இம்புட்டுக்கும் நடுவுல சாமி சாவடியில படுத்துக் குறட்டை.

மறுநாள் விடிஞ்சும் விடியாம வீரணன் வந்தாரு, மண்டையில கட்டோட. கையெடுத்துக் கும்புட்டாரு. "தாயி, புண்ணியமாப் போகும். உங்க சாமியக் கூட்டிட்டுப் போயிருங்க."

"ஏங்க, இன்னும் பாதிக்கு மேல வீடு பாக்கி இருக்கே?"ன்னா ஒச்சம்மா.

"வேணாம் தாயி! வேணும்னா மேலூர்ல விட்டுருங்க, அவனுக அனுபவிக்கட்டும்."

அரிசி, மொச்ச, உருளைக்கெழங்கு, ஒரு மூட்டை பூண்டு, பெத்தவளுக்குன்னு மலைத்தேனு, பாதி போன கருப்பட்டிக்கு முழுசா நாலு கருப்பட்டி. தூக்கிட்டுப் போக ரெண்டு ஆளு வேற. எல்லை தாண்டுற வரைக்கும் ஊரே பின்னாடி வந்துச்சு, வழியனுப்ப இல்ல, திரும்பி வந்துறக் கூடாதுன்னு.

அப்புறம் அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள கோடாலிப்பாறைக்குப் போயிட்டாங்க. செல்லக்கிளி வாசல்ல புள்ளையோட நின்னா. ஒச்சம்மா ஓடிப் போயி ரெண்டு பேரையும் ஒண்ணாக் கட்டிக்கிட்டா. பேத்தி, செவப்பா, சுருக்கம் சுருக்கமா, வெந்த உருளைக்கெழங்கு மாதிரி. சுருளியாண்டி பேத்தியப் பாத்தாரு. என்னமோ சொல்ல வாயத் தொறந்தாரு. பவளம் கால ஓங்குனா. மூடிக்கிட்டாரு.

அப்போ உள்ளேர்ந்து வந்தாங்க செல்லக்கிளி மாமியாரு, நாகரத்தினம். வாங்கன்னாங்க, உக்காருங்கன்னாங்க. உக்காந்து மூட்டைய அவுத்தாங்க. கருப்பட்டிய எடுத்து மோந்து பாத்தாங்க. நெய்ப்பானைய தொறந்து விரல்ல தொட்டு நாக்குல வச்சாங்க. மொச்சு மொச்சுனு ஒரு சத்தம். அப்புறம் மெதுவா அந்தம்மா கண்ணு மேல போச்சு, மோட்டு வளைக்கு.

"எங்க மூத்த மருமக வீட்ல கொண்டாந்த நெய்யி மாதிரி இல்ல"ன்னாங்க.

சுருளியாண்டி அப்படியே நின்னுட்டாரு. அந்த நெய்ப்பானை இருந்த மூட்டைய மலை பூரா அவருதான் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தாரு. பசியில உசுரு போறப்பவும் ஒரு சொட்டு தொடல. நெஞ்சுல சுருக்குனு ஒரு முள்ளு. அப்படி ஒரு முள்ளு இருக்கும்னே அவருக்கு அது வரைக்கும் தெரியாது. "அம்மா… நாங்க… பட்டினியாக் கெடந்து…"ன்னு என்னமோ சொல்லப் பாத்தாரு. எந்த நாக்கு மலை மலையா வம்ப இழுத்துச்சோ, அது மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. மெதுவாத் திரும்பி பொண்டாட்டியப் பாத்தாரு. கண்ணெல்லாம் தண்ணி.

ஒச்சம்மாவும் அவரப் பாத்தா. ஒதட்ட இறுக்கி மூடுனா. மூக்குலேர்ந்து 'க்கும்'னு ஒரு சத்தம் வந்துச்சு. அப்புறம் 'க்கும் க்கும்'. அப்புறம் அடக்க முடியல. சிரிச்சா பாரு! தூணப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா, தூணு பத்தாம தரையில உக்காந்து சிரிச்சா, வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. பவளம் சிரிச்சா. என்னான்னே தெரியாம செல்லக்கிளியும் சிரிச்சா, "அம்மா, நிறுத்தும்மா, வயிறு வலிக்குது"ன்னுக்கிட்டே.

நாகரத்தினத்துக்கு ஒண்ணும் புரியல. "என்னாத்துக்குச் சம்மந்தி இந்தச் சிரிப்பு?"

ஒச்சம்மா முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டா. நல்லா சம்மணம் போட்டு வசதியா உக்காந்துக்கிட்டா.

"ஒண்ணுமில்ல சம்மந்தி. நீங்க சொல்லுங்க. அந்தச் சேலையப் பத்தி இன்னும் ஒண்ணும் சொல்லலயே? அவரு பக்கம் திரும்பிச் சொல்லுங்க, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

அந்தம்மா சேலைய விரிச்சாங்க. ஆரம்பிச்சாங்க. கரையில ஆரம்பிச்சு, நூலுக்குப் போயி, சாயத்துக்கு வந்து…

ம்?

ம் கொட்டுடீ.

போச்சு, தூங்கிருச்சு கழுத. சரி, அந்தம்மா சொல்லிக்கிட்டே இருக்கட்டும், சுருளியாண்டி கேட்டுக்கிட்டே இருக்கட்டும். அவங்க விடியிற வரைக்கும் முடிக்க மாட்டாங்க. நம்ம கதை இம்புட்டுத்தான். தூங்கு.